ஒரு பழிக்கு ஒரு கூடை

முன்னொரு காலத்தில், திருநீறு கொடுத்த கை யாருடையது என்று பார்க்காமலே ஜனங்கள் அதை வாங்கிப் பூசிக்கொண்ட காலத்தில், ஒரு ராஜா இருந்தான். அவனுக்கு எல்லாம் இருந்தது. பொழுதுதான் போகவில்லை.

ஒருநாள் கொலுமண்டபத்தில் கொட்டாவி விட்டபடி சொன்னான்: "நம் பெரிய ஏரியின் அதிகாரி காலமாகிவிட்டார். இந்தத் தடவை நான் யாரையும் நியமிக்கப் போவதில்லை. ஜனங்களே தேர்ந்தெடுக்கட்டும். பார்க்க வேடிக்கையாக இருக்கும்."

முதலமைச்சர் அனந்தராயரின் முகம் சுண்டிப்போனது. அதுவரை ஏரி அதிகாரியை அவர்தான் சிபாரிசு செய்வார், ராஜா தலையாட்டுவான். அந்தச் சிபாரிசுகளில்தான் அவர் வீட்டு மாடி எழும்பியிருந்தது.

பதவிக்கு இரண்டு பேர் முன்வந்தார்கள். தில்லைவிடங்கர் நெல் வியாபாரி. காங்கேயர் பெரிய நிலக்காரர். இருவரும் மோசமானவர்கள் இல்லை. விசேஷமானவர்களும் இல்லை. கார்த்திகை தீபத்தன்று ஊர்ச்சாவடியில் இருவர் பெயருக்கும் ஒவ்வொரு பானை வைக்கப்படும். யார் வேண்டுமோ அவர் பானையில் ஆளுக்கொரு புளியங்கொட்டை போட வேண்டும். அதுவரை யார் யாரைப் பற்றி என்ன பேசினாலும் ஒருவர் வாயையும் அடைப்பதில்லை என்று ராஜா சபையில் வாக்குக் கொடுத்தான்.

முதலில் இருவரும் ஏரியைப் பற்றித்தான் பேசினார்கள். மதகைப் புதுப்பிப்பேன் என்றார் விடங்கர். வாய்க்காலைத் தூர்வாருவேன் என்றார் காங்கேயர். கூட்டம் தூங்கிவிட்டது.

பிறகு ஒருநாள் விடங்கரின் ஆள் தப்பட்டையை அடித்து, "ஏரிக்கரைப் பனையை வெட்டி வித்தவருதான் இந்தக் காங்கேயர்!" என்று கத்தினான். கூட்டம் விழித்துக்கொண்டது. மறுநாள் காங்கேயரின் ஆள், "விடங்கர் கடையில நெல்லு அளக்கற மரக்காலுக்குள்ள பொய்யா இன்னொரு அடிப்பலகை இருக்கு!" என்றான். கூட்டம் இரண்டு மடங்காகியது. அதற்குப் பிறகு மதகைப் பற்றி யாரும் பேசவில்லை.

பனையிலிருந்து பாட்டனுக்குப் போனார்கள். பாட்டனிலிருந்து மாமியாருக்குப் போனார்கள். காங்கேயர் வீட்டுப் பசு பக்கத்து வீட்டுக் கன்றுக்குப் பால் கொடுத்ததைக்கூட விட்டுவைக்கவில்லை.

ஜனங்கள் முதலில் கொதித்தார்கள். பிறகு சிரித்தார்கள். பிறகு எதையும் நம்பாமல் இருக்கப் பழகிக்கொண்டார்கள். அந்தப் பழக்கம் ஏரியோடு நிற்கவில்லை. வைத்தியர் கஷாயம் கொடுத்தால், "இதை யாரு குடுக்கச் சொன்னா?" என்று கேட்டார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணின் தகப்பன், "எங்க பொண்ணுக்கு ஒரு குறையும் இல்லீங்க" என்றதும் மாப்பிள்ளை வீட்டார் எழுந்துவிட்டார்கள். குறை இல்லையென்றால் அதை எதற்குச் சொல்கிறான்? கோயிலில் உச்சிக்கால மணி அடித்தால் வாசலுக்கு வந்து சூரியனை ஒருமுறை பார்த்துக்கொண்டார்கள்.

இப்படியே புரட்டாசி வந்தது. அந்த நாட்டில் ஒரு வழக்கம் இருந்தது. மழைக்கு முன்னால் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியும் கூடையுமாக ஏரிக்கு வருவான். காய்ந்து கிடக்கும் ஏரிக்குள் சேர்ந்த மண்ணை வெட்டி, கரையில் தாழ்ந்த இடமாகப் பார்த்துக் கொட்டி மிதிப்பார்கள். கூலி கிடையாது. தன் கூரையைத் தானே வேய்ந்துகொள்வது மாதிரி அது. ஏரி ஊரைவிட உயரத்தில் இருந்தது. கரை போனால் முதலில் ஏரிக்கீழ்த் தெரு போகும். மற்ற தெருக்கள் போக அதிக நேரம் ஆகாது.

முரசு அறைந்தார்கள். ஒருவரும் வரவில்லை.

அரண்மனையில் மருதூரன் என்றொரு விகடகவி இருந்தான். ராஜாவைச் சிரிக்க வைப்பது அவன் உத்தியோகம். அவன் சிரித்து யாரும் பார்த்ததில்லை. என்ன சமாசாரம் என்று பார்க்க அவன் ஏரிக்கீழ்த் தெருவுக்குப் போனான். உப்பு விற்கும் பூவாயி வாசலில் உட்கார்ந்து உப்பு அளந்துகொண்டிருந்தாள்.

"பூவாயி அக்கா, உங்க வீட்டுக்கு நேரா கரையில வெடிப்பு விட்டிருக்கு. பாத்தீங்களா?"

"பாத்தேன். அது வெடிப்புன்னு உனக்கு யாரு சொன்னா?"

"வேற என்னவாம்?"

"விடங்கர் ஆளுங்க கீறிவிட்டது. காங்கேயர் மண்ணள்ளித்தான் கரை கெட்டுதுன்னு காட்டணுமில்ல?"

"முழங்கை வரைக்கும் உள்ள போகுது அக்கா."

"ஆழமாத்தான் கீறியிருக்கானுங்க." அவனை மேலும் கீழும் பார்த்தாள். "நீ யாரு ஆளு?"

"ராஜாவோட ஆளு."

"அவருக்கு யாரு காசு குடுத்தாங்களாம்?"

மருதூரன் அரண்மனைக்குத் திரும்பி, பார்த்ததைச் சொன்னான். ராஜா எழுந்தே நின்றுவிட்டான்.

"சவுக்கோடு படையை அனுப்புங்கள். வீட்டுக்கு ஒருவனை இழுத்து வரட்டும்!"

"அனுப்பலாம் அரசே," என்றார் அனந்தராயர். "ஆனால் குடிகளை அடித்து வேலை வாங்கிய அரசர் என்று நாளைக்கே ஒரு பாட்டுக் கிளம்பும். வாயை அடைப்பதில்லை என்று வாக்கும் கொடுத்திருக்கிறீர்கள்."

ராஜா உட்கார்ந்தான்.

"அடியேனுக்கு ஒரு யோசனை," என்று அமைச்சர் தொடர்ந்தார். "நாவாலேயே மலையை நகர்த்துவேன் என்று சொல்லிக்கொள்பவர் நம் விகடகவி. கரையை உயர்த்தும் பொறுப்பை அவரிடமே ஒப்படைக்கலாம். சவுக்கு கூடாது. கூலி கூடாது. யார் வாயையும் அடைக்கக் கூடாது. மழைக்குள் கரை உயர்ந்தால் அவர் சமர்த்தர். உயராவிட்டால் உடுத்த துணியோடு நாட்டைவிட்டுப் போகட்டும். வெறும் வாய்ப்பேச்சுக்கு அரண்மனைச் சோறு எதற்கு?"

சபையில் நாலு பேர் சிரித்தார்கள். அனந்தராயர் சிரித்தால் சிரிக்கிறவர்கள் அவர்கள்.

"சம்மதமா மருதூரா?" என்றான் ராஜா.

"கரை உடைந்தால் நான் நாட்டைவிட்டுப் போக வேண்டியதில்லை அரசே. நாடே போய்விடும். சம்மதம். ஆனால் ஓர் ஆணை வேண்டும்."

"வாயை அடைக்கும் ஆணைதானே?" என்று அனந்தராயர் பாய்ந்தார்.

"இல்லை ஐயா. இன்னும் அகலமாகத் திறக்கும் ஆணை." மருதூரன் கைகட்டிக்கொண்டு சொன்னான்: "யாரும் யார் மீதும் எந்தப் பழியும் சொல்லலாம். ஏரிக்கரையில் நின்று சொன்னால், அன்று மாலையே அரண்மனை முரசு அதை நான்கு வீதியிலும் அறைந்து சொல்லும். சொல்கிறவர் ஏரிக்குள்ளிருந்து ஒரு கூடை மண் கொண்டுவந்து, நான் காட்டும் இடத்தில் கொட்டி, அதன்மேல் ஏறி நின்று சொல்ல வேண்டும். ஒரு பழிக்கு ஒரு கூடை. பழியை மறுப்பதற்கும் ஒரு கூடை."

"மண் எதற்கு?"

"உயரத்தில் நின்று சொன்னால்தானே நாலு பேருக்குக் கேட்கும் அரசே?"

அனந்தராயர் யோசித்துப் பார்த்தார். தங்கள் உயிருக்காக ஒரு கூடை மண் சுமக்காத ஜனங்கள், அடுத்தவனைத் திட்டுவதற்காகவா சுமக்கப் போகிறார்கள்? புன்னகையோடு தலையசைத்தார். ராஜா முத்திரையிட்டான்.

மறுநாள் காலையில் மருதூரன் கரையில் ஒரு தாழங்குடையை நட்டு, வெற்றிலைப் பெட்டியோடு அதன் கீழே உட்கார்ந்தான். வெகுநேரம் யாரும் வரவில்லை. பிறகு விடங்கரின் ஆள் ஒருவன் கூடையின் அடியில் கொஞ்சம் மண்ணோடு வந்தான். அரண்மனை முரசு இலவசமாகக் கிடைக்கும்போது யாரால் சும்மா இருக்க முடியும்? மண்ணைக் கொட்டி ஏறி நின்றான்.

"காங்கேயர் திருடினார்..."

"போதும், இறங்கு," என்றான் மருதூரன்.

"இன்னும் சொல்லி முடிக்கலையே?"

"அரைக்கூடைக்கு 'திருடினார்' வரைக்கும்தான். எதைத் திருடினாருங்கறதுக்கு இன்னொரு அரைக்கூடை கொண்டா."

அவன் முணுமுணுத்துக்கொண்டே ஏரிக்குள் இறங்கினான். அன்று மாலை முரசு நான்கு வீதியிலும் அறைந்தது. காங்கேயரின் ஆட்கள் அதைக் கேட்டார்கள். அடுத்த நாள் விடிந்தபோது கரையில் வரிசை நின்றது.

மருதூரன் உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லாவற்றையும் நடத்தினான். குடும்பத்தை இழுத்துப் பேச வந்தவர்களிடம், "களிமண்ணா கொண்டாங்க," என்றான்.

"அதுக்கு மட்டும் ஏன் களிமண்ணு?"

"குடும்ப விஷயம் மழையில கரைஞ்சிடக் கூடாதில்ல."

சொன்னதையே திரும்பச் சொல்ல வந்தவர்களையும் அவன் விரட்டவில்லை. "பழைய பழியா? புது மண்ணு வேணாம். போட்ட மண்ணை நல்லா மிதிச்சுட்டுச் சொல்லு." அவர்கள் மிதித்தார்கள். கோபத்தில் மிதித்ததால் மண் நன்றாக இறுகியது.

பிறகு வேட்பாளர்களின் ஆட்கள் மட்டும் என்று இல்லை, ஊரே வந்தது. வாய்க்கால் தகராறு, வேலித் தகராறு, கல்யாணப் பந்தியில் அப்பளம் வைக்காத தகராறு எல்லாம் கூடையேறின. பூவாயி தன் ஓரகத்தியைப் பற்றிச் சொல்ல மூச்சிரைக்க மண் சுமந்தாள். அது தீர்ந்ததும் இன்னொரு கூடையோடு வந்து ஏறி நின்றாள்.

"இந்த மருதூரனும் காசு வாங்கியிருக்கான்!"

"யாருகிட்ட அக்கா?" என்றான் மருதூரன், பாக்கை வாயில் போட்டபடி.

"அது அடுத்த கூடைக்கு," என்று இறங்கிப் போனாள்.

ஒருநாள் நடுப்பகலில் விடங்கரின் ஆள் ஏறி நின்று, "காங்கேயர் நம்ம கோயில் மணியைக் கழட்டிக் கடல்துறையில ஒரு சோனக வியாபாரிக்கு வித்துட்டாரு! மணியோட காது ஒண்ணு உடைஞ்சிருந்துச்சு, அதனால பாதி விலைதான் கெடைச்சுது!" என்றான். அவன் இறங்கியதும் காங்கேயரின் ஆள் ஏறினான். "விடங்கர் நம்ம கோயில் மணியைக் கழட்டிக் கடல்துறையில ஒரு சோனக வியாபாரிக்கு..."

அவன் பாதியில் நின்றுவிட்டான். முதல் ஆள் அவனை முறைத்தான். அதே மணி, அதே துறை, சோனக வியாபாரியும் அதேதான். அந்தச் சமயம் பார்த்துக் கோயிலில் உச்சிக்கால மணி அடித்தது.

கூட்டம் கோயில் பக்கம் திரும்பிப் பார்த்தது.

"அது வேற மணி," என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

மருதூரன் எழுந்து இருவரையும் தனியே அழைத்துப் போனான். "பழி நல்லாயிருக்கு. யாரு கட்டிக் குடுத்தது?"

ஒருவன் தலையைச் சொறிந்தான். "அமைச்சர் வீட்டு ஆள்தான் சாமி தெனம் வந்து சொல்லிட்டுப் போவாரு."

"எங்க வீட்டுக்கும் அவருதான் வராரு," என்றான் மற்றவன். பிறகு இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இருவரும் கறைபட்டுப் போனால் ராஜா சலித்துப்போய், நீரே ஒருவரைச் சொல்லும் என்று பழையபடி அனந்தராயரிடம் வருவான். அதுதான் கணக்கு.

மருதூரன் ஏரிக்குள் இறங்கினான். தானே வெட்டி, தானே சுமந்து, கொட்டி, ஏறி நின்றான்.

"இரண்டு தரப்புக்கும் பழி தயாரித்துக் கொடுப்பவர் ஒரே ஆள். அனந்தராயர்."

அந்தக் கரையில் சொல்லப்பட்ட முதல் உண்மை அது. பூவாயி கொட்டாவி விட்டாள்.

"இதுல புதுசா என்னப்பா இருக்கு? அமைச்சரு பகல்ல மனுஷன், பொழுது சாஞ்சா நரின்னு நேத்து ஒருத்தன் சொன்னான். அது நல்லாயிருந்துச்சு."

"இது நெசம் அக்கா."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

ஆணைப்படி முரசு மட்டும் அதை நான்கு வீதியிலும் அறைந்தது.

அனந்தராயர் தன் மாடியிலிருந்து ஏரியைப் பார்த்தார். வழக்கமாக அங்கிருந்து தெரியும் பனந்தோப்பு தெரியவில்லை. கரை அதை மறைத்திருந்தது. இப்படியே போனால் மருதூரன் ஜெயித்துவிடுவான். விடங்கரை வரவழைத்தார்.

"போதும் ஐயா. இனிமேல் பழிப்பேச்சு வேண்டாம். கண்ணியமாகப் பேசுங்கள்."

விடங்கர் கண்ணைச் சுருக்கினார். "காங்கேயர் உங்களுக்கு எவ்வளவு கொடுத்தார்?"

பிறகு காங்கேயரை வரவழைத்து அதையே சொன்னார். காங்கேயர் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "விடங்கர் எவ்வளவு கொடுத்தார்?" என்று கேட்டார். இருவரும் வீட்டுக்குப் போய் இன்னும் கூடுதலாக ஆள் அனுப்பினார்கள்.

ஐப்பசி பிறந்தது. மேற்கே மலைப்பக்கம் கறுத்தது. கரை முழுக்க உயர்ந்துவிட்டது, பூவாயி வீட்டுக்கு நேரே அந்த வெடிப்பு இருந்த இடத்தைத் தவிர. அங்கே மட்டும் கொட்டிய மண்ணெல்லாம் வெடிப்புக்குள் இறங்கி, ஓர் ஆள் படுக்கும் அகலத்துக்குக் கரை தாழ்ந்து கிடந்தது. திடீரென்று மழை கொட்டியது. ஜனங்கள் கூடைகளைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினார்கள். மலைநீர் ஏரிக்குள் இறங்கத் தொடங்கியது. மருதூரன் தனியாக மண் சுமந்தான். ஒருவன் சுமந்தால் எவ்வளவு ஆகும்?

அதே நேரம் அரண்மனையில் ராஜா ஜன்னல் வழியாக மழையை ரசித்துக்கொண்டிருந்தான். சும்மா கேட்பது போலக் கேட்டான்: "ராயரே, உம்மைப் பற்றி முரசு என்னமோ சொல்லிற்றே. நீர் இன்னும் மறுக்கவில்லையா?"

அனந்தராயர் அவசரமாகக் கைகூப்பினார். "இதோ மறுக்கிறேன் அரசே. அது அபாண்டம்."

"இங்கே சொன்னால் செல்லாதே. கரையில் அல்லவா சொல்ல வேண்டும்? நம் ஆணைதானே அது. கூடையோடு போய்விட்டு வாரும்."

பட்டுவேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிக் கட்டிக்கொண்டு முதலமைச்சர் மழையில் கூடை தூக்கினார். அமைச்சர் மண் சுமக்கிறார் என்று செய்தி தெருவில் ஓடியது. யாரும் நம்பவில்லை. நம்பாததால் ஊரே நேரில் பார்க்கக் கிளம்பி வந்தது.

அனந்தராயர் தாழ்ந்த இடத்தில் மண்ணைக் கொட்டி ஏறி நின்றார். "நான் யாருக்கும் பழி சொல்லிக் கொடுக்கவில்லை!"

"பொய்!" என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான்.

"கூடை எங்கே?" என்றான் மருதூரன்.

கத்தியவன் ஓடிப்போய் ஒரு கூடை கொண்டுவந்து கொட்டி, "பொய்!" என்றான். அனந்தராயர் மறுபடி இறங்கி, ஈரமண்ணை அள்ளி வந்து, "அவன் சொல்வதுதான் பொய்!" என்றார். பின்னாலிருந்து நாலு பேர் இறங்கினார்கள். பூவாயி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, "இவரு மாடி எந்தக் காசுல ஏறுச்சுன்னு நான் கேக்கறேன்!" என்று ஒரு கூடைக் களிமண்ணைக் கொட்டினாள். அதற்கு ஒரு மறுப்பு, மறுப்புக்கு ஒரு மறுப்பு. தண்ணீர் கரையின் உட்புறத்தில் ஏறிக்கொண்டே வந்தது. அவர்கள் அதைப் பார்க்கவே இல்லை. சண்டை ஓய்ந்தபோது வெடிப்பு இருந்த இடம்தான் கரையில் எல்லாவற்றிலும் உயரமாக இருந்தது.

கரை நின்றது. ஏரிக்கீழ்த் தெருவில் ஒரு பானைகூட நனையவில்லை.

அமைச்சர் மீது சொன்ன பழியையும் யாரும் நம்பவில்லை, அவர் மறுப்பையும் யாரும் நம்பவில்லை. ஆகவே அவர் பதவிக்கு ஒன்றும் ஆகவில்லை.

கார்த்திகை தீபத்தன்று சாவடியில் பானைகளை வைத்தார்கள். ஜனங்கள் வந்தார்கள். இரண்டு பானைகளையும் எட்டிப் பார்த்தார்கள். புளியங்கொட்டையை மடியிலேயே வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். மாலையில் கவிழ்த்துப் பார்த்தபோது ஒரு பானையிலிருந்து ஒரு பல்லி வந்தது. இன்னொன்றிலிருந்து அதுவும் வரவில்லை.

"இப்போது யாரை நியமிப்பது?" என்று ராஜா சபையில் கேட்டான்.

அனந்தராயர் தொண்டையைச் செருமினார். அதற்குள் மருதூரன், "இரண்டு பேரையும் அரசே," என்றான்.

"இருவரையும்தான் யாருமே நம்பவில்லையே!"

"அவர்களும் ஒருவரையொருவர் நம்பவில்லை. அதுதான் சௌகரியம். மதகுப் பலகையை ஒருவர் தனியாகத் தூக்க முடியாத கனத்தில் செய்துவிடுங்கள். எதிராளி தன் வயலுக்குத் தண்ணீரைத் திருப்பிவிடுவானோ என்று இருவரும் விடியும் முன்பே வந்து நிற்பார்கள்."

ராஜா தொடையைத் தட்டிச் சிரித்தான். அப்படியே செய்தார்கள். விடங்கரும் காங்கேயரும் நாள் தவறாமல் முறைத்துக்கொண்டே பலகையைத் தூக்கினார்கள். தண்ணீர் நேரத்துக்குப் பாய்ந்தது. வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது என்று ஒருவன் சொன்னால், மற்றவன் போய்க் கையை நனைத்துப் பார்த்துவிட்டுத்தான் மாட்டை அவிழ்த்தான்.

நெல் கதிர் பிடித்ததும் ராஜா சபையைக் கூட்டினான். "சவுக்கும் இல்லை, கூலியும் இல்லை, ஒருவர் வாயையும் அடைக்கவில்லை. இந்த உயரத்துக்கு என் பாட்டனார்கூடக் கரை எழுப்பியதில்லை. மருதூரா, வா!"

அனந்தராயர் வெள்ளித்தட்டை ஏந்தி வந்தார். அதில் கையில் அணியும் ஒரு பொற்கடகம் இருந்தது. ராஜா அதை எடுத்துத் தன் கையாலேயே கொடுத்தான். மருதூரன் வணங்கி வாங்கிக்கொண்டான். பிறகு மடியிலிருந்து ஓர் உரைகல்லை எடுத்து, கடகத்தின் ஓரத்தை அதில் ஓர் இழுப்பு இழுத்தான்.

அனந்தராயர் வெறும் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"நான் கொடுத்ததையா உரைத்துப் பார்க்கிறாய்?" என்றான் ராஜா.

"வெளியே போனதும் கேட்பார்கள் அரசே. போன வருஷமாக இருந்தால், ராஜா கொடுத்தது என்று சொல்லியிருப்பேன். அது போதுமாயிருந்தது. இந்த வருஷம், உரைத்துப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டியிருக்கிறது."

ராஜா அவனையே பார்த்தான். பிறகு மண்டபம் அதிரச் சிரித்தான். சிரித்துக்கொண்டே சிம்மாசனத்தைவிட்டு இறங்கி வந்து, கல்லில் விழுந்த கோடு என்ன நிறம் என்று குனிந்து பார்த்தான்.